ரத்தக்கசிவை அடைக்கும் எம்போலைசேஷன் கருவிகள்: மருத்துவ ஆய்வைத் திட்டமிட்டு நடத்த முழுமையான வழிகாட்டி

குடல்புண்ணிலிருந்து கொட்டும் ரத்தம் எண்டோஸ்கோபியில் நிற்கவில்லை. காசநோய் அரித்த நுரையீரலிலிருந்து இருமலோடு ரத்தம் வருகிறது. விபத்தில் மண்ணீரல் கிழிந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்க மறுக்கிறது. இந்த நான்கு பேரையும் இன்று கேத் லேபுக்கு (எக்ஸ்ரே பார்த்தபடி ரத்தக்குழாய்க்குள் சிகிச்சை செய்யும் அறை) எடுத்துப்போக முடியும். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை உள்ளிருந்தே அடைத்துவிடலாம். இதுதான் எம்போலைசேஷன். அடைக்கும் பொருள் (எம்போலிக்) காயில் என்ற உலோகச் சுருளாக இருக்கலாம்; பிளக், துகள், ஜெலட்டின் பஞ்சு, குளூ என்றும் இருக்கலாம்.

புதிதாக ஒரு பொருள் வந்தால், அது உண்மையிலேயே ரத்தத்தை நிறுத்துகிறதா, என்ன கெடுதல் செய்கிறது என்று நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் வேலையைப் பற்றியது இந்த வழிகாட்டி. மூளைக்கு வெளியே உள்ள தமனிக் கசிவுக்கான ஒரு புதிய திரவ எம்போலிக், இந்தியச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஆய்வு என்று எடுத்துக்கொள்வோம். காயிலுக்கும் பிளக்குக்கும் எங்கே மாறும் என்பதை ஆங்காங்கே சொல்கிறோம்.

படி 1: எதைச் சோதிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

கருவியின் பெயரை எழுதினால் போதாது. அது எப்படி அடைக்கிறது என்பதில்தான் ஆய்வின் பாதி இருக்கிறது.

காயில் தானாக அடைப்பதில்லை. அது ஒரு சட்டகம். அதன்மேல் நோயாளியின் சொந்த ரத்தம் உறைந்துதான் குழாய் மூடுகிறது. ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் தாமதத்தைக் காட்டும் எண்) 1.5-க்கு மேல் போனவரிடமும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழ் இறங்கியவரிடமும் காயில் தோற்பதற்குக் காரணம் இதுதான். குளூ ரத்தத்தின் அயனிகள் பட்டதும் இறுகிவிடும். உறைதல் சக்தியை நம்பியிராது. ஓனிக்ஸ் வகைத் திரவங்கள் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைந்த பாலிமர். கரைப்பான் ரத்தத்தில் கலந்து போனதும் பாலிமர் படிந்து நிற்கும். ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் கரைந்து, குழாய் பெரும்பாலும் மீண்டும் திறந்துகொள்ளும். இந்த நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. உறைதல் கோளாறு உள்ளவர்களைச் சேர்ப்பதா, விலக்குவதா, தனிப் பிரிவாக அலசுவதா என்ற முடிவு கருவியின் இயங்குமுறையிலிருந்தே வர வேண்டும்.

அடுத்தது கையாளும் முறை. 2025-இல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஒப்சிடியோ என்ற ஜெல் எம்போலிக் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கீழ்க்குடல் கசிவுக்கு அந்த ஜெல்லைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துத் தள்ளும் உத்தியைக் கையாண்டபோது குடல் ரத்த ஓட்டம் இழக்கும் ஆபத்து அதிகம் என்பதுதான் அதன் சாரம். பொருள் ஒன்றே, அதைச் செலுத்தும் விதமும் செலுத்தும் இடமும் சேர்ந்துதான் ஆபத்தை முடிவு செய்தன. ஆகவே ஆய்வுத் திட்டத்தில் கருவி என்ற சொல்லுக்குக் கீழே இவ்வளவும் வர வேண்டும்: எந்த மைக்ரோகத்தீட்டர் (மிக மெல்லிய குழாய்), அதைக் கழுவ எந்த ஃபிளஷ் திரவம், நிமிடத்துக்கு எத்தனை மி.லி., ஒரு கசிவுக்கு உச்ச அளவு எவ்வளவு, எந்தத் தமனிப் பரப்பு, எந்த நிலையில் நிறுத்துவது. இதை "மருத்துவரின் விருப்பப்படி" என்று விட்டுவிடும் திட்டங்கள்தான் பின்னால் விளக்க முடியாத முடிவுகளோடு வந்து நிற்கின்றன.

படி 2: முதல் நோயாளிக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஐஎஸ்ஓ 10993 தொடரின்படி உயிரி ஒவ்வுமைச் சோதனைகள், அதிலும் ரத்தத்தோடு ஒத்துப்போவதைப் பார்க்கும் பகுதி 4. உலோகம் இருந்தால் எம்ஆர்ஐ பாதுகாப்புச் சோதனைகள்: இழுவிசை, முறுக்கம், சூடேறுதல், படத்தில் விழும் நிழல். டிஎம்எஸ்ஓ உள்ள திரவமென்றால், உடன் பயன்படுத்தும் ஒவ்வொரு கத்தீட்டரும் ஊசியும் அந்தக் கரைப்பானில் இளகாது என்பதற்கான சான்று. விலங்குச் சோதனையில் பன்றியின் சிறுநீரகத் தமனி வழக்கமான மாதிரி. அங்கே அடைந்ததா என்று மட்டும் பார்க்காமல், பொருள் எவ்வளவு தூரம் உள்ளே போனது, பின்னோக்கி எவ்வளவு வழிந்தது, சில வாரங்கள் கழித்துக் குழாய் திறந்துகொண்டதா என்று திசுவை வெட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அனுமதி வழி சுருக்கமாக: இந்தியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 பொருந்தும். முன்மாதிரி இல்லாத புதுக் கருவிக்கு முதலில் பைலட் (சிறிய முன்னோட்ட) ஆய்வு, பிறகு பிவோட்டல் (முடிவை உறுதிசெய்யும் பெரிய) ஆய்வு. மத்திய மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ-வுக்கு எம்டி-22 படிவத்தில் விண்ணப்பம். அனுமதி எம்டி-23-இல் வரும். ஒவ்வொரு மையத்துக்கும் பதிவு பெற்ற எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த ஓராண்டுக்குள் முதல் நோயாளி சேர்ந்தாக வேண்டும் என்பதை மறந்து, மைய ஒப்பந்தங்களிலேயே மாதங்களைக் கரைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஏற்கனவே உரிமம் பெற்ற கருவியை வைத்து, விற்பனை அனுமதி நோக்கமில்லாமல் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்வுக்கு இந்தப் பாதை வேறு. அதற்கு எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதலே மையமானது.

நடத்தும் தரத்துக்கு, கருவி ஆய்வுகளுக்கான ஐஎஸ்ஓ 14155. மருந்து ஆய்வு நடத்திப் பழகியவர்கள் இதில் ஒரு விஷயத்தைத் தவறவிடுவார்கள். நோயாளிக்கு எந்தக் கெடுதலும் நேராவிட்டாலும், கருவி சரியாக வேலை செய்யாததை, அதாவது குழாயில் அடைத்துக்கொண்டது, காயில் பிரியவில்லை, உறை கிழிந்திருந்தது போன்றவற்றை, கருவிக் குறைபாடு என்று தனியாகப் பதிய வேண்டும். அடுத்த முறை அது பெரிய விபத்தாகியிருக்குமா என்றும் மதிப்பிட வேண்டும்.

படி 3: "ரத்தம் நின்றது" என்றால் என்ன?

இந்த ஆய்வுகள் நிற்பதும் சாய்வதும் இங்கேதான். மூன்று வெவ்வேறு வெற்றிகளை ஒன்றாகக் குழப்பக்கூடாது.

தொழில்நுட்ப வெற்றி என்பது மேசையிலேயே தெரிவது. கடைசி டிஎஸ்ஏ படத்தில் (ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே) குறிவைத்த கிளையிலிருந்து கான்ட்ராஸ்ட் (படத்தில் தெரியும் சாயத் திரவம்) வெளியே கசியவில்லை, போலி அனியூரிசம் (கிழிந்த தமனிச் சுவரை ஒட்டிய ரத்தப் பை) நிரம்பவில்லை. ஆனால் எந்தத் தமனியில் ஊசி போட்டுப் பார்த்த படம்? இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் போகும், இருபுறமும் ரத்தம் பெறும் காஸ்ட்ரோடியோடினல் தமனியை முன்பக்கம் மட்டும் அடைத்துவிட்டு சீலியாக் வழியே பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். மேல் மெசென்டெரிக் தமனியில் ஊசி போட்டால் பின்வாசல் வழியாக அதே இடம் நிரம்பும். எனவே முடிவுப் படத்துக்கு இரண்டு தமனிகளிலும் ஊசி கட்டாயம் என்று திட்டத்தில் எழுதுங்கள்.

மருத்துவ வெற்றி என்பது அதே இடத்திலிருந்து மீண்டும் ரத்தம் வராதிருப்பது. பெரும்பாலும் 30 நாள் கணக்கு. அவசர அறுவை, மறு எம்போலைசேஷன், அதே புண்ணுக்கு வேறு தலையீடு எதுவும் தேவைப்படக்கூடாது. 2023-இல் எஃப்டிஏ அனுமதி பெற்ற லாவா என்ற திரவ எம்போலிக்கின் ஆய்வு இந்த இலக்கணத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஒற்றைக் குழு, 113 நோயாளிகள். முன்கூட்டியே வைத்த இலக்கு 72%, கிடைத்தது கசிவிடங்களில் 94.3%.

மூன்றாவது, நோயாளி என்ன ஆனார் என்பது. படமும் ஆளும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. வெடித்த மூளை அனியூரிசத்தில் (புடைத்த ரத்தக்குழாய்) காயிலையும் கிளிப் அறுவையையும் ஒப்பிட்ட ஐசாட் ஆய்வு 2143 பேரைச் சேர்த்தது. முதல் முடிவுகள் 2002-இல் வந்தன. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் காயில் குழுவில் 23.7%, கிளிப் குழுவில் 30.6%. முழுமையாக அடைபடுவதில் கிளிப்புக்குத்தான் பெயர். பிற்காலத்தில் மறுகசிவும் காயிலில் சற்றுக் கூடுதல். படத்தை மட்டும் இறுதி அளவுகோலாக வைத்திருந்தால் அந்த ஆய்வு வேறு பதிலைச் சொல்லியிருக்கும்.

இனி மறுகசிவை எண்ணாக்க வேண்டும். ஒரு நடைமுறை இலக்கணம்: 24 மணி நேரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அல்லது அதற்கு மேல் சரிவு, அதோடு கண்ணால் பார்த்த புது ரத்தமோ, சிஸ்டாலிக் அழுத்தம் 90-க்குக் கீழ் இறங்குவதோ, எண்டோஸ்கோபி அல்லது சிடி ஆஞ்சியோ உறுதியோ. இதில் மூன்று கண்ணிகள் உண்டு.

கருப்பு மலத்தை மட்டும் வைத்து மறுகசிவு என்று எழுதிவிடுவார்கள். அடைத்த பிறகும் குடலில் தங்கிய பழைய ரத்தம் சில நாள் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அடுத்து, அடிப்படை ஹீமோகுளோபின். அவசரத்தில் இரண்டு மூன்று லிட்டர் சலைன் ஏற்றியவருக்கு ரத்தம் நீர்த்து, எண் தானாகவே விழும். சிகிச்சை முடிந்து 6 மணி நேரம் கழித்து எடுத்ததை அடிப்படையாக வைத்தால் இந்தக் குழப்பம் குறையும். மூன்றாவது, ரத்தம் ஏற்றும் வரம்பு. ஒரு மையம் 7-இல் ஏற்றும், இன்னொன்று 9-இலேயே ஏற்றிவிடும். ஏற்றிய யூனிட்டுகளை அளவுகோலாக வைக்கப்போகிறீர்கள் என்றால் வரம்பை எல்லா மையங்களுக்கும் ஒன்றாக்குங்கள். இதய நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு எழுதலாம்.

இருமலில் ரத்தம் வரும் காசநோயாளிகளைச் சேர்த்தால் இன்னொரு கேள்வி முளைக்கும். மூச்சுக்குழல் தமனியை அடைத்து 20 நாள் கழித்து மீண்டும் ரத்தம். அடைத்த கிளை திறந்ததா, நோய் முற்றி மார்புச்சுவரின் வேறு கிளை வந்து சேர்ந்ததா? முதலாவது கருவியின் தோல்வி. இரண்டாவது நோயின் போக்கு. ஆஞ்சியோகிராம் இல்லாமல் பிரிக்க முடியாது. படமே எடுக்காத நோயாளியைத் தோல்விக் கணக்கில் வைப்பதே நேர்மையானது. நாலாம் நாள் ரத்தக்கசிவே இல்லாமல் செப்சிஸில் (உடல் முழுதும் பரவிய தொற்று) இறந்தவரை எங்கே வைப்பது என்பதையும் முதல் நோயாளிக்கு முன்பே தீர்மானியுங்கள்.

படி 4: வடிவமும் எண்ணிக்கையும்

ரத்தம் கொட்டும் நோயாளியைக் குலுக்கல் முறையில் பிரிப்பது கடினம் என்பதால் பலரும் ஒற்றைக் குழு ஆய்வையே நாடுகிறார்கள். அப்போது எதிரே நிற்பது இன்னொரு குழு அல்ல, ஒரு இலக்கு எண். அந்த எண்ணைப் பழைய கட்டுரைகளிலிருந்து எடுக்கிறீர்கள். அவற்றில் விபத்து நோயாளிகள் அதிகமா, புற்றுநோயாளிகள் அதிகமா என்று பாருங்கள். உங்கள் நோயாளிக் கலவை அதோடு பொருந்தாவிட்டால் இலக்கைத் தாண்டியதற்கு அர்த்தமில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இலக்கு 75%, நீங்கள் எதிர்பார்ப்பது 88%, ஒருபக்கச் சோதனை 0.025 (தவறாக வெற்றி என்று சொல்லும் வாய்ப்பு), திறன் 80% (உண்மையான வெற்றியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு). வழக்கமான வாய்பாட்டில் 75 பேர் வருவார்கள். பத்தில் ஒருவர் விடுபடுவார் என்றால் 84. இப்போது எதிர்பார்ப்பை 85% என்று மூன்றே புள்ளி இறக்குங்கள். 133 பேர் தேவை. விடுபடுவோரையும் சேர்த்தால் 148. எதிர்பார்ப்பை உயர்த்திக் காட்டி ஆய்வைச் சிறிதாக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே புரியும்.

பாதுகாப்புக்கு இன்னும் கறாரான கணக்கு உண்டு. 75 பேரில் ஒருவருக்கும் குடல் அழுகவில்லை என்றாலும், உண்மையான விகிதம் 4% வரை இருக்கக்கூடும். 3-ஐ நோயாளி எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மேல்வரம்பு அது. "ஒரு சம்பவமும் இல்லை" என்ற வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வகுத்தலைச் செய்யுங்கள்.

ஒரே நோயாளிக்கு மூன்று கசிவிடங்கள் இருந்தால் எதை எண்ணுவது? கசிவிட வாரியாகவும் நோயாளி வாரியாகவும் இரண்டு முடிவுகளையும் கொடுங்கள். ஒரே உடலில் உள்ள மூன்று இடங்கள் மூன்று தனி ஆதாரங்கள் ஆகா. புள்ளியியலாளர் அந்தப் பிணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

குலுக்கல் ஆய்வானாலும் எச்சரிக்கை தேவை. நாள்பட்ட சப்டூரல் ரத்தக்கட்டில் (மூளை உறைக்குக் கீழே தேங்கும் ரத்தம்) அறுவையோடு ஓனிக்ஸ் எம்போலைசேஷனைச் சேர்த்த எம்போலைஸ் ஆய்வில் 400 பேர். மறு அறுவை தேவைப்பட்டது எம்போலைசேஷனும் சேர்ந்தவர்களில் 4.1%, அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 11.3%. முடிவு 2024-இல் வெளியானது. மறு அறுவை என்பது ஒரு டாக்டர் எடுக்கும் முடிவு; யாருக்கு அடைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் அந்த முடிவு சாயலாம். அதனால் இத்தகைய அளவுகோல் வைத்தால், மறு தலையீட்டுக்கான காரணங்களை முன்னதாக எழுதிவைத்து, விவரம் தெரியாத ஒரு குழு ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். டிஎம்எஸ்ஓ திரவங்களில் மறைப்பது நடவாத காரியம்: நோயாளியின் மூச்சிலும் வியர்வையிலும் ஓரிரு நாள் பூண்டு வாசம் அடிக்கும். வார்டுக்குள் நுழைந்த உடனே யார் எந்தக் குழு என்று நர்ஸ் சொல்லிவிடுவார். மதிப்பீட்டாளர்களைப் படங்களோடும் தாள்களோடும் தனி அறையில்தான் வைக்க வேண்டும்.

படி 5: நடுராத்திரியில் சம்மதம்

நோயாளிகள் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. சம்மதப் படிவம் இருபது பக்கம் இருந்தால் யாரும் படிக்கப்போவதில்லை. எதிக்ஸ் கமிட்டியிடம் இரண்டு அடுக்காக அனுமதி கேளுங்கள்: உடனே வாசித்துக் காட்ட ஒன்றரைப் பக்கச் சுருக்கம், அதோடு முழுப் படிவம். நோயாளி மயக்கத்திலோ வென்டிலேட்டரிலோ இருந்தால் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி கையெழுத்திடலாம். நினைவு திரும்பியதும் நோயாளியிடமே மறுபடி கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் வேண்டும். ஆய்வில் சேராவிட்டாலும் காயிலோ ஜெலட்டினோ வைத்துச் சிகிச்சை நடக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேத் லேப் வாசலில் நிற்கும் குடும்பம், மாட்டேன் என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நினைக்கும்.

இரவுப் பணியில் இருப்பவருக்கும் பயிற்சி கொடுங்கள். பகலில் மட்டும் கோஆர்டினேட்டர் இருந்தால், பகலில் வரும் நிலையான நோயாளிகள் மட்டும் சேர்வார்கள். உங்கள் வெற்றி விகிதம் அழகாக இருக்கும், பயனற்றும் இருக்கும். சேர்க்காதவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வைத்திருந்தால் இந்தச் சாய்வு வெளியே தெரியும்.

படி 6: கேத் லேபில்

டிஎஸ்ஏ படங்கள் வயிற்றில் மூச்சாலும் குடலசைவாலும் கலங்கும். அந்தக் கலங்கல் கசிவு போலவே தோன்றும். தடை இல்லாத நோயாளிக்கு, குடலசைவை அடக்கும் பஸ்கோபான் 20 மி.கி. நரம்பில் கொடுத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுங்கள். முன்னும் பின்னும் ஒரே கோணம், ஒரே ஊசி வேகம், சிரைக் கட்டம் வரை. இது இல்லாவிட்டால் படங்களை மதிப்பிடும் மைய ஆய்வகம் பாதிப் படங்களை "மதிப்பிட இயலாது" என்று திருப்பிவிடும்.

குளூ என்றால் மைக்ரோகத்தீட்டரை 5% டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். சலைன் பட்டால் உள்ளேயே இறுகிவிடும். குளூவோடு கலக்கும், எக்ஸ்ரேயில் தெரியும் எண்ணெயான லிபியோடாலின் விகிதத்தை, 1:2 அல்லது 1:4 என, ஒவ்வொரு ஊசிக்கும் எழுதுங்கள். லிபியோடால் கூடினால் மெதுவாக இறுகி அதிக தூரம் போகும். ஓனிக்ஸ் என்றால் குப்பியை 20 நிமிடம் குலுக்கியாக வேண்டும். குறைத்தால் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்த்த டான்டலம் தூள் அடியில் தங்கி, திரவம் எக்ஸ்ரேயில் மங்கிப்போய், வழிந்தது கண்ணில் படாது. கத்தீட்டரின் வெற்றிடத்தை, பொதுவாக 0.3 முதல் 0.7 மி.லி. வரை, டிஎம்எஸ்ஓவால் நிரப்பி மெதுவாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் தமனி சுருங்கும், நோயாளி வலியில் துள்ளுவார்.

காயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதிர்ச்சி நிலையில் தமனி சுருங்கியிருக்கும். அந்த அளவுக்குப் பொருத்தமான காயிலை வைத்தால், அழுத்தம் மீண்டதும் குழாய் விரிந்து காயில் நகர்ந்துவிடும். அளந்ததைவிட 20 முதல் 30% பெரிதாகத் தேர்வதுதான் வழக்கம். படிவத்தில் அளவெடுத்த நேரத்து ரத்த அழுத்தத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். நகர்ந்த காயில்களுக்கு விளக்கம் பல நேரம் அந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும்.

மூச்சுக்குழல் தமனியில் முன்புற முதுகுத்தண்டுத் தமனி கிளைக்கிறதா என்று ஒவ்வொரு ஊசிக்கும் முன் பார்க்க வேண்டும். அது தெரிந்தால், அந்தக் கிளையைத் தாண்டிப் பாதுகாப்பாக உள்ளே போக முடியாதவரை அடைக்கக்கூடாது. கால்கள் செயலிழப்பது இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய பயம். திட்டத்தில் இதை விலக்கு நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள்.

ஆய்வுக் கருவி போதாமல் இடையில் காயிலும் சேர்த்தால் அதை மறைக்காதீர்கள். முதல் அலசலில் அந்த நோயாளி எந்தப் பக்கம் என்பது திட்டத்திலேயே இருக்க வேண்டும். துணைக் கருவி தேவைப்பட்டதைத் தொழில்நுட்பத் தோல்வியாக எண்ணுவது கடுமையானது, ஆனால் தெளிவானது.

படி 7: பின்தொடர்தலும் பாதகங்களும்

24 மணி, 7 நாள், 30 நாள். கடைசியைத் தொலைபேசியில் முடித்தால் ஹீமோகுளோபின் கிடைக்காது. வீட்டருகே உள்ள லேபில் எடுக்கப் பணம் ஒதுக்குங்கள்.

காய்ச்சலும் வலியும் அடைப்புக்குப் பிந்தைய நோய்க்குறியாக மூன்று நாள் வரக்கூடும். அதை எதிர்பார்த்த நிகழ்வாக வகைப்படுத்தலாம். ஆனால் கீழ்க்குடல் நோயாளியிடம் அதே வலி, ரத்தத்தில் உயரும் லாக்டேட்டோடு வந்தால் அது குடல் இஸ்கீமியாவாக (ரத்த ஓட்டம் இழத்தல்) இருக்கலாம்; சிடி எடுக்கத் தாமதிக்கக்கூடாது. அந்த சிடியிலும் ஒரு சிக்கல் உண்டு. டான்டலமும் லிபியோடாலும் வெள்ளைக் கீற்றுகளாகப் பரவி, அருகிலுள்ள குடல்சுவரையும் புதுக் கசிவையும் மறைக்கும். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தை முதலில் எடுத்தால்தான் எது பழைய பொருள், எது புது ரத்தம் என்று பிரித்தறியலாம்.

தீவிர நிகழ்வு எதையும் மையம் 24 மணி நேரத்துக்குள் ஸ்பான்சருக்கு (ஆய்வை நடத்துவிக்கும் நிறுவனம்) தெரிவிக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதுங்கள். எதிக்ஸ் கமிட்டிக்கும் சிடிஎஸ்சிஓ-வுக்கும் விதிப்படியான கெடுக்கள் தனி. ஒவ்வொரு நிகழ்வும் கருவியாலா, செயல்முறையாலா, நோயாலா என்று மூன்றாகப் பிரித்துப் பதிய வேண்டும். தொடையில் வந்த ரத்தக்கட்டு செயல்முறையால் வந்தது. குறி தவறிய திரவம் கருவியாலும் வந்திருக்கலாம், கையாலும் வந்திருக்கலாம். ஆய்வால் நேர்ந்த கெடுதலுக்கு இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் ஸ்பான்சரின் பொறுப்பு. காப்பீட்டுச் சான்று இல்லாமல் முதல் நோயாளியைச் சேர்க்காதீர்கள்.

படி 8: கணக்கு முடித்தல்

உறை பிரித்தும் பயன்படுத்தாத கருவிகள் எத்தனை, ஏன் என்று லாட் எண்ணோடு கணக்குக் காட்ட வேண்டும். பாதியில் கைவிட்டவை தூய்மையாக்கப்பட்டு உற்பத்தியாளருக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அவை அன்றிரவே குப்பைக்குப் போய்விடுகின்றன, குறைபாட்டுக்கான ஒரே ஆதாரமும் அதோடு போய்விடுகிறது. அறையிலேயே பெயரெழுதிய ஒரு கலன் வைத்தால் இது பாதி தீரும்.

அறிக்கையில் முதல் அட்டவணை, கருவியைச் செலுத்த முயன்ற அனைவரையும் கொண்டதாக இருக்கட்டும். திட்டத்தை மீறாமல் முடித்தவர்களின் அட்டவணை அதற்குப் பின்னால். மையவாரியான முடிவையும் போடுங்கள்: ஒரே ஒரு கைதேர்ந்த மையம் பாதி நோயாளிகளைக் கொடுத்திருந்தால், சராசரி எண் அந்த ஒருவரின் கையைத்தான் அளந்திருக்கிறது. பயிற்சிக்காக ஒவ்வொரு மையத்திலும் முதலில் செய்த ஓரிரு நோயாளிகளை முதன்மைக் கணக்கிலிருந்து விலக்கியிருந்தால், அவர்களுடைய பாதகங்களையாவது பாதுகாப்பு அட்டவணையில் சேர்த்தாக வேண்டும். சிடிஆர்ஐ பதிவில் முதலில் எழுதிய அளவுகோலும் அறிக்கையில் உள்ள அளவுகோலும் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். மாறியிருந்தால் எந்தத் தேதியில், யார் ஒப்புதலோடு மாறியது என்பதும் அங்கேயே வர வேண்டும்.